கையால செஞ்ச புது மாண்டலின்: வாசிச்சுப் பழக்கினதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

கையாலயே செதுக்கிச் செஞ்ச ஏ ஸ்டைல் மாண்டலின் ஒண்ணு, அதாவது சுருள் இல்லாத துளி வடிவம், டாப்ல எஃப் எழுத்து மாதிரி ரெண்டு ஓட்டை (எஃப் ஹோல்) வெச்சது, என் கைக்கு வந்து சில மாசம் ஆகுது. வந்த வாரமே எழுதலாம்னு தோணுச்சு, ஆனா அப்ப எழுதிருந்தா புதுக் கம்பியோட சத்தத்தப் பத்தித்தான் எழுதிருப்பேன், மரத்தோட குரல் எதுன்னு அப்ப பிரிச்சுச் சொல்லவே முடியாது, அதனால காத்திருந்து எழுதுறேன். முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இது ரொம்ப புடிச்சிருக்கு, கையில எடுத்தா கீழ வைக்க மனசு வரல. ஆனா புது மாண்டலின் வாங்குனவங்ககிட்ட எல்லாரும் "வாசி வாசி, தானா ஓப்பன் ஆகும்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க, வாசிக்க வாசிக்க குரல் திறந்து வரும்ங்கறாங்க, அந்த ஒரு வரிக்குள்ள மரம், கம்பி, செட்டப் (கம்பியோட உயரம், பிரிட்ஜ் எல்லாம் சரி பண்ற வேலை), நம்ம கைன்னு நாலு விஷயம் கலந்து கிடக்கு, அத பிரிச்சுப் பாக்கணும்னுதான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல என்ன வாத்தியம்னு பாத்துடலாம். டாப் பலகை ரெட் ஸ்ப்ரூஸ், அடிரான்டாக்னும் சொல்லுவாங்க. பின்பலகை, பக்கப்பலகை, கழுத்து மூணும் மேப்பிள். விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டும் கம்பிய தாங்குற பிரிட்ஜும் எபனி, அதாவது கருங்காலி. உள்ள ரெண்டு டோன் பார், அதாவது டாப்ப தாங்குற மரச்சட்டம், இணையா ஓடுது, சட்டம் குறுக்கா வெட்டிப் போற எக்ஸ் பிரேசிங் கிடையாது. ஸ்கேல், அதாவது அதிர்ற கம்பியோட நீளம், 13 7/8 இஞ்ச், அதாவது 35 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல. மேல பூசினது லாக்கர் இல்ல, வார்னிஷ், அதுவும் ரொம்ப மெல்லிசா. செஞ்சவர் தனி ஆளா சின்ன பட்டறைல வேலை பாக்குறவர், ஆர்டர் குடுத்து காத்திருந்துதான் வாங்கணும்.

ஏன் ஏ ஸ்டைல், சுருள் வெச்ச எஃப் ஸ்டைல் ஏன் இல்லன்னு கேப்பீங்க. அந்த சுருளும் முனைகளும் பாக்க அழகுதான், எனக்கும் ஆசை உண்டு, ஆனா அத செதுக்கவும் ஓரத்துல பட்டை (பைண்டிங்) ஒட்டவும் ஆகுற வேலை ஏராளம், அதோட கூலி முழுக்க விலைல ஏறிடும், சத்தத்துக்கு அதனால பெரிசா ஒண்ணும் கூடறதில்ல. பலகையோட வளைவு, தடிமன், எஃப் ஹோல், டோன் பார், இதெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா கண்ண மூடிட்டு கேக்குறப்ப எது எதுன்னு சொல்றது ரொம்ப கஷ்டம். அதனால அந்த காச நல்ல மரத்துக்கும் நல்ல கைக்கும் குடுக்கலாம்னு முடிவு பண்ணேன், இப்பவும் அதே முடிவுதான்.

வளைவுன்னு சொன்னேன்ல, அது இந்த வாத்தியத்துக்கு உயிரே. பலகைய சூடு பண்ணி வளைக்கறதில்ல, தடிமனான ஸ்ப்ரூஸ் துண்டு எடுத்து வயலினுக்கு செதுக்கற மாதிரி உள்ளயும் வெளியவும் செதுக்கி அந்த மேடு வர வைக்கிறாங்க. மாண்டலினுக்கு இந்த வழிய கொண்டு வந்தது ஆர்வில் கிப்சன், 1898ல பேடன்ட் வாங்குனார். அதுக்கு முன்னாடி மாண்டலின்னா பெரும்பாலும் முதுகு உருண்டையா இருக்குற நேபிள்ஸ் வகைதான். அப்புறம் 1922ல இருந்து 1924 வரைக்கும் கிப்சன் கம்பெனில லாய்ட் லோர்ங்கறவர் மேற்பார்வைல வந்த எஃப்5ங்கற எஃப் ஸ்டைல் மாடல்தான் வட்ட ஓட்டைய எடுத்துட்டு எஃப் ஹோல் வெச்சது, இன்னிக்கு கையால செய்றவங்கள்ல பலபேர் அளவுகோலா வெச்சிருக்கறது அதத்தான். ப்ளூகிராஸ்ங்கற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குப் பேர்போன பில் மன்றோ பல வருஷம் வாசிச்சது 1923 ஜூலை 9ன்னு தேதி போட்டு லோர் கையெழுத்துப் போட்ட ஒண்ணு. என்னோடது உருவத்துல ஏ ஸ்டைலா இருந்தாலும் உள்ளுக்குள்ள அந்த வழி வந்ததுதான்.

நடுவுல பிரிட்ஜ் உக்கார்ற எடத்துல பலகை நாலஞ்சு மில்லிமீட்டர் இருக்கும், ஓரத்துக்கு போகப் போக மெலிஞ்சு பாதிக்கு வந்துடும். எங்க எவ்ளோ விடணும்ங்கறது மரத்துக்கு மரம் மாறும், விரலால தட்டிப் பாத்து, வளைச்சுப் பாத்து, இன்னும் கொஞ்சம் சுரண்டி, மறுபடி தட்டி... மெஷின்ல ஒரே அளவா வெட்டித் தள்றப்ப இந்த பொறுமைக்கு எடம் இருக்காது. கைவேலைக்கு ஏன் காசு குடுக்கறோம்னா இதுக்குத்தான், மத்ததெல்லாம் அழகு.

சரி, முதல் சத்தம். மாண்டலின்ல எட்டு கம்பி, தடியானதுல இருந்து ஜி, டி, ஏ, ஈன்னு நாலு ஜோடி. ட்யூன் பண்ணி ஜி கம்பில இருந்து ஈ வரைக்கும் ஒரு தடவ மெதுவா இறக்கினேன். சத்தம் பெருசா வந்துச்சு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா இறுக்கமா இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்வரமும் சட்டுன்னு பொறந்து சட்டுன்னு முடிஞ்சது. ஏ கம்பியும் ஈ கம்பியும் பளபளன்னு மின்னுது, டி கம்பி நல்ல பருமனா பேசுது, ஜி மட்டும் ஏதோ கதவ சாத்திட்டு உள்ள இருந்து பேசற மாதிரி. மெதுவா தொட்டா பேசவே மாட்டேங்குது, கொஞ்சம் அழுத்தி அடிச்சாத்தான் முழுக் குரலும் வருது. ரெட் ஸ்ப்ரூஸ் பத்தி வாசிக்கிறவங்க சொல்றதும் இதுதான், விறைப்பான மரம், எவ்ளோ அடிச்சாலும் உடையாம நிக்கும், ஆனா பதமா மாற நேரம் எடுக்கும்னு. எங்கல்மன் ஸ்ப்ரூஸ் போட்டது ஒண்ண முன்னாடி வாசிச்சிருக்கேன், அது முதல் நாள்லயே இனிமையா பேசும், ஆனா பலமா அடிச்சா ஒரு எல்லைக்கு மேல சத்தம் கூடாது. எனக்கு வேண்டியது அந்த எல்லை இன்னும் மேல இருக்குற வாத்தியம், அதனால இறுக்கம் என்ன பயமுறுத்தல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். எட்டு கம்பிய முழு சுருதிக்கு ஏத்தினா, 11ல இருந்து 40 வரைக்கும் (இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல கம்பியோட தடிமன்) இருக்குற மீடியம் செட்டுக்கு, மொத்த இழுவிசை 80 கிலோவுக்கு கிட்ட வரும். இந்த சின்ன உடம்புல அவ்ளோ இழுப்பு. பட்டறைல இருந்தப்ப சில நாளோ சில வாரமோதான் அந்த இழுப்ப அது தாங்கிருக்கும், நம்ம கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் இரவு பகலா தாங்க ஆரம்பிக்குது. அப்ப என்ன ஆகும்னா டாப் பலகை பிரிட்ஜுக்கு அடில ஒரு மயிரிழை இறங்கும், கழுத்து ஒரு மயிரிழை முன்னாடி வளையும், பிரிட்ஜோட பாதம் பலகையோட இன்னும் நல்லா ஒட்டும், கம்பி எல்லாம் நீண்டு முடிச்சு இறுகும். இது எல்லாமே அளவுல ரொம்ப சின்னது, ஆனா கைக்கும் காதுக்கும் நல்லாவே தெரியும். வந்தப்ப 12வது ஃப்ரெட்ல (ஃபிங்கர்போர்டுல குறுக்க பதிச்ச உலோகக் கட்டை) கம்பியோட உயரம், அதாவது ஆக்‌ஷன் எனக்கு ஏத்த மாதிரி 1.5 மில்லிமீட்டருக்கு ஒட்டி இருந்துச்சு, கொஞ்ச வாரத்துல அது மாறிடுச்சு, ஈ பக்கம் ஒண்ணு ரெண்டு எடத்துல லேசா ஜிர்ருன்னு கேட்டுச்சு. இத பழுதுன்னு நெனச்சு பதறாதீங்க, புது வாத்தியத்துல இது நடக்கத்தான் செய்யும், நல்லா செய்றவங்க பலபேரு சில மாசம் கழிச்சு ஒரு தடவ செட்டப் பாத்துத் தர்றேன்னு அவங்களே சொல்லுவாங்க. என்னோடதயும் செஞ்சவர் அப்படி ஒரு தடவ பாத்து, கழுத்துக்குள்ள இருக்குற ட்ரஸ் ராட துளி திருப்பி, பிரிட்ஜ துளி ஏத்தி, கழுத்தோட மேல்முனைல கம்பி உக்கார்ற நட்ல ரெண்டு பள்ளத்த சீர் பண்ணி குடுத்தாரு. அந்த அரை மணி நேர வேலைக்கு அப்புறம் வந்த மாற்றம், அதுவரைக்கும் வாசிச்ச அத்தன நாள்ல வந்த மாற்றத்துக்கு சமம், இத நான் உறுதியா சொல்லுவேன். அதனால "ஓப்பன் ஆயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நடுவுல செட்டப் பாத்தீங்களான்னு கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

பிரிட்ஜ் பத்தி தனியா சொல்லியே ஆகணும். மாண்டலின்ல பிரிட்ஜ் ஒட்டினது கிடையாது, கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது. புதுக் கம்பி நீளும், நீங்க ஏத்திக்கிட்டே இருப்பீங்க, ஒவ்வொரு தடவ ஏத்துறப்பவும் கம்பி பிரிட்ஜோட தலைய கழுத்து பக்கமா கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டுப் போகும். பக்கவாட்டுல இருந்து பாத்தா சாஞ்சு நிக்கறது தெரியும். அப்படியே விட்டா இன்டொனேஷனும், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்லயும் சுருதி சரியா வர்றதும், போகும், பாதம் பலகைல முழுசா ஒட்டாது, சத்தமும் போகும், ஒரு நாள் சடார்னு சாஞ்சு டாப்ல அடி விழவும் வாய்ப்பு இருக்கு. அதனால முதல் கொஞ்ச வாரம் ட்யூன் பண்ணப்புறம் பக்கவாட்டுல ஒரு பார்வ பாத்துடுங்க, சாஞ்சிருந்தா கம்பிய கொஞ்சம் தளர்த்தி ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவா நிமித்தணும். கம்பியோட அடிமுனை மாட்டியிருக்குற டெயில்பீஸ் பக்கம் பாத்த பிரிட்ஜோட முகம் பலகைக்கு செங்குத்தா நிக்கணும், அதான் கணக்கு. கம்பி மாத்துறப்பவும் எட்டையும் மொத்தமா கழட்டக் கூடாது, பிரிட்ஜ் எடம் மாறிடும், ஜோடி ஜோடியா மாத்துங்க.

இன்டொனேஷன் சரியான்னு பாக்க 12வது ஃப்ரெட்ல அழுத்தாம லேசா தொட்டு ஹார்மோனிக் ஒண்ணு, அதே எடத்துல அழுத்தி ஒண்ணு, ரெண்டையும் ஒத்துப் பாருங்க. அழுத்தினது சுருதி ஏறி கேட்டா பிரிட்ஜ டெயில்பீஸ் பக்கம் நகத்தணும், இறங்கி கேட்டா கழுத்து பக்கம். புதுக் கம்பி போட்டு நல்லா இழுத்து நீட்டி நிலைச்சதுக்கு அப்புறம்தான் இத பாக்கணும், முன்னாடியே பாத்தா வீண் வேலை. ஜோடிக் கம்பிங்கறதால இதுல ஒரு நுணுக்கம் வேற இருக்கு, ஜோடில ஒண்ணு நூலளவு விலகினாலும் சத்தம் ரெண்டா பிளந்து அலையடிக்கும், ரெண்டும் ஒட்டிட்டா மட்டும் அந்த மாண்டலினுக்கே உரிய மினுமினுப்பு வரும். புது வாத்தியம் சரியா பேசலன்னு பலபேர் சொல்றதுல ஒரு பங்கு இந்த ஜோடி சேராததுதான்னு நான் நெனைக்கிறேன். மொதல்ல ஒரு கம்பிய மட்டும் மீட்டி சரி பண்ணி, அப்புறம் அதுக்கு ஜோடிய சேருங்க, ரெண்டையும் ஒண்ணா மீட்டிக்கிட்டே சுருதி காட்டுற ட்யூனர பாத்தா அது குழம்பும்.

இப்ப மரம். மரம் உண்மையிலேயே வாசிக்க வாசிக்க மாறுதா? வாசிக்கிறவங்க கிட்டயும் செய்றவங்க கிட்டயும் இதுல ஒரே கருத்து கிடையாது, சிலர் சத்தியம் பண்ணி சொல்லுவாங்க, சிலர் காதுதான் பழகுதுன்னு சொல்லுவாங்க. என் காதுக்கு கேட்டத சொல்றேன். முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்த மாற்றம் கம்பியோடது, அந்த கண்ணாடிச் சத்தம் போய் நடுக்குரல் தெரிய ஆரம்பிச்சது. அடுத்து வந்தது செட்டப்போடது. இது ரெண்டையும் கழிச்சுட்டுப் பாத்தாலும் ஒண்ணு மிச்சம் இருக்கு, ஜி கம்பி. அந்த சாத்துன கதவு இப்ப சாத்தல. மெதுவா தொட்டாலும் கீழ் ஸ்வரம் எல்லாம் எந்திரிச்சு வருது, அடங்குறதுக்கும் முன்ன விட நேரம் எடுக்குது. வார்னிஷ் காய்ஞ்சு இறுகறதுக்கு மாசக்கணக்குல ஆகும், ஒட்டினது எல்லாம் இழுவிசைக்கு பழகணும், பலகை நாம வெச்சிருக்குற எடத்து ஈரப்பதத்துக்கு பழகணும், இதெல்லாம் ஒண்ணா சேந்து நடக்குறது. இதுல அதிர்வுக்குன்னு தனியா எவ்ளோ பங்குன்னு பிரிக்க என்னால முடியாது, ஆனா கேட்டது கேட்டதுதான்.

கூடவே என் கையும் மாறியிருக்கு, இத யாரும் பெருசா பேசறதில்ல. ஒவ்வொரு மாண்டலினுக்கும் எந்த எடத்துல மீட்டினா குரல் நிறையும்னு ஒரு புள்ளி இருக்கு. பழைய வாத்தியத்துல எனக்கு அது பிரிட்ஜுக்கு கொஞ்சம் கிட்ட. இதுல ஃபிங்கர்போர்டு முடியற எடத்துக்கு ஒரு விரல் தள்ளி. அந்த எடம் புரிஞ்ச அன்னிக்கு வாத்தியம் திடீர்னு வளந்த மாதிரி இருந்துச்சு. அதே மாதிரி இடது கை, ஃப்ரெட்டுக்கு எவ்ளோ ஒட்டி வைக்கணும், எவ்ளோ அழுத்தினா போதும்னு விரலே கத்துக்குது, தேவைக்கு மேல அழுத்துறது கொறைய கொறைய சுருதியும் சுத்தமாகுது சத்தமும் நீளுது.

பழக்கறதுக்கு நான் செய்றது ரொம்ப எளிமையானது, முழுப் பலகையையும் வாசிக்கணும், நல்ல பலமா வாசிக்கணும். நமக்கு வசதியான ரெண்டு ஸ்ருதிலயே, கீழ் அஞ்சு ஃப்ரெட்லயே சுத்திக்கிட்டு இருந்தா அந்த எடம் மட்டும்தான் நல்லா பேசும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது மரத்துக்கு உண்மையோ இல்லையோ கைக்கு நிச்சயம் உண்மை. ஜண்டை வரிசை இதுக்கு அருமையா பொருந்துது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ரெண்டு ரெண்டா கீழ் மேல் மீட்டல்ல, ஜி கம்பில தொடங்கி ஈ கம்பியோட 12வது ஃப்ரெட் வரைக்கும், மூணு காலத்துலயும். மூணாங்காலம் வர்றப்ப அது கிட்டத்தட்ட ட்ரெமொலோதான், ஒரே ஸ்வரத்த வேகமா கீழ் மேல் மீட்டறது. அப்புறம் டபுள் ஸ்டாப், அதாவது ரெண்டு ஸ்வரத்த ஒண்ணா மீட்டறது, பக்கத்துப் பக்கத்து ஜோடில மூணாவது ஆறாவது ஸ்வர இடைவெளி வெச்சு. அப்புறம் சாப், நாலு ஜோடியையும் ஒரே அடியா அடிச்சு உடனே விரல தளத்தி நிறுத்தறது, பலகைய ஒட்டுமொத்தமா உலுக்கறதுல இதுக்கு மிஞ்சினது கிடையாது, இந்த வாத்தியத்துல அந்த சாப் கேக்கணும், காஞ்ச மரத்தோட டக்குனு ஒரு அடி, எனக்கு மேல்முடி சிலிர்க்கும். கம்பில மாட்டி விட்டா தானா அதிர வைக்கிற கருவி எல்லாம் விக்கிறாங்க, எனக்கு அதுல நாட்டம் வரல. வாத்தியம் வாங்கினதே வாசிக்கிறதுக்குத்தான, அந்த நேரத்த ஒரு மெஷினுக்கு ஏன் குடுக்கணும். அது அதிர்ந்தா மரம் மாறலாம், என் கை மாறாது.

கம்பிய மீட்டற சின்னத் தகடு இருக்குல்ல, பிக், அந்த விஷயத்துல ஒரு பெரிய ஆச்சரியம். பழையதுக்கு மெல்லிசா நடுத்தரமான பிக்குதான் போட்டுட்டு இருந்தேன். இதுக்கு அத போட்டா டிக் டிக்குன்னு பிக் கம்பில படற சத்தம்தான் முன்னாடி நிக்குது. 1.4 மில்லிமீட்டர் தடிமன்ல, முனை மழுங்கின பெரிய முக்கோணத்துக்கு மாறினேன், அவ்ளோதான், டிக்கு காணாம போய் ஸ்வரம் மட்டும் வருது, அதுவும் ஜி கம்பில கொழுத்து வருது. தடியான பிக்குன்னா ட்ரெமொலோ ஓடாதுன்னு ஒரு பயம் இருக்கும், மணிக்கட்ட தளர்த்தி முனைய கொஞ்சமா மட்டும் கம்பிக்குள்ள விட்டா நல்லாவே ஓடும். வாத்தியத்த மாத்தணும்னு யோசிக்கிறவங்க மொதல்ல பிக்க மாத்திப் பாருங்க, செலவும் கம்மி, மாற்றமும் உடனே தெரியும்.

கம்பி, செஞ்சவர் போட்டு அனுப்பினது டடாரியோ ஜே74, பாஸ்பர் பிரான்ஸ், 11, 15, 26, 40. எஃப் ஹோல் வாத்தியத்துல பலபேர் போடறது இதான், இந்த டாப்புக்கும் சரியாத்தான் இருக்கு. ஒரு தடவ ஒரு அளவு லைட்டான செட் போட்டுப் பாத்தேன், விரலுக்கு சுகம், ஆனா ரெட் ஸ்ப்ரூஸ் பாதி தூக்கத்துல இருக்கற மாதிரி ஆயிடுச்சு, இந்த பலகைய எழுப்ப இழுவிசை வேணும். தோமாஸ்டிக் 154, அது ஃப்ளாட்வூண்ட், அதாவது மேல தட்டையா வழவழன்னு சுத்தின கம்பி, அதயும் மாட்டிப் பாத்தேன், விரல் வழுக்கிக்கிட்டு போகும், உரசல் சத்தம் கிடையாது, குரல் கருத்து அடக்கமா வரும், ராகம் வாசிக்க அது ரொம்ப சுகம், ஆனா சாப்போட கூர்மை போயிடுது. பழக்கற காலம் முழுக்க ஜே74லயே இருக்கலாம்னு திரும்பிட்டேன், பின்னால ஃப்ளாட்வூண்ட் கண்டிப்பா ஒரு செட் முழுசா ஓட்டிப் பாப்பேன்.

ராகம்னு சொன்னதும் நம்ம ஆளுங்க கேக்கப் போற கேள்வி தெரியும், இதுல கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா, கமகம் வருமா. நம்ம காதுல மாண்டலின்னா உ. ஸ்ரீனிவாஸ் தான், அவரு வாசிச்சது எலெக்ட்ரிக், ஜோடி கிடையாது, ஒத்தை ஒத்தையா அஞ்சு கம்பி. ஒத்தக் கம்பிய பக்கவாட்டுல இழுத்து ஸ்வரத்த ஏத்தி இறக்கறது சுலபம், ஆம்ப்ளிஃபையர் நாதத்த நீட்டியும் குடுக்கும், அதனாலதான் அவரு கைல அது பாடுச்சு. இது ஜோடிக் கம்பி, இறுக்கமான சின்ன ஸ்கேல், இழுத்தா ரெண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிளந்துடும். அதனால அந்த இசைக்காக மட்டும் வாங்கறதா இருந்தா கையால செதுக்குன அகூஸ்டிக்க தேடாதீங்க, ஒத்தைக் கம்பி எலெக்ட்ரிக்கே சரி. ஆனா ஜாரு இதுல அற்புதமா வருது, கம்பியோட நீளத்துலயே விரல வழுக்கி ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு போறது. ரெட்டை ஸ்வரத்துல ரெண்டாவத அழுத்தி வாசிக்கிற ஸ்புரிதம் தெளிவா வரும். கமகம் கம்மியா வேண்டியிருக்குற ராகங்கள, மோகனம், ஹம்சத்வனி மாதிரி, நான் இதுல தினமும் வாசிக்கிறேன், ஜோடிக் கம்பியோட அந்த மினுமினுப்புல ஹம்சத்வனி வேற ஒரு வெளிச்சத்துல கேக்குது. கமகமே உயிரான தோடிய மட்டும் இதுல தொடறதில்ல.

பராமரிப்புல மெல்லிசா பூசின வார்னிஷ் பத்தி எச்சரிக்கை. சத்தத்துக்கு இது நல்லது, மரத்த பிளாஸ்டிக் மாதிரி மூடி அடக்காது, ஆனா புதுசுல மென்மையா இருக்கும். வேர்வை பட்டு முன்கை படற எடத்துல மங்கல் வருது, கேஸோட உள்துணி அச்சு கூட பதியும். ஷெல்லாக் கலந்த வார்னிஷா இருந்தா ஆல்கஹால் பட்டாலே கரைஞ்சுடும், கை சுத்தம் பண்ற ஜெல் போட்ட கையோட தொடாதீங்க, கம்பி துடைக்கிற ஆல்கஹால் திரவமும் வேணாம், வாசிச்சு முடிச்சதும் உலந்த மெத்து துணியால துடைச்சா போதும். வெப்பம் ஆகவே ஆகாது, வெயில்ல நிக்கிற கார்ல ஒரு நிமிஷம் கூட விடாதீங்க. ஈரப்பதம் 45ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் இருந்தா வாத்தியம் நிம்மதியா இருக்கும். காத்து ரொம்ப உலர்ந்தா மரம் சுருங்கி டாப் இறங்கும், ஆக்‌ஷன் தாழ்ந்து ஜிர்ருன்னு கேக்கும், ஃப்ரெட் முனை ஓரத்துல குத்தும், முத்திப் போனா பலகை வெடிக்கும். ரொம்ப ஈரமானா உப்பி ஆக்‌ஷன் ஏறும், குரல் மந்தமாகும். கேஸுக்குள்ள ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போட்டு வெச்சுடுங்க. இன்னிக்கு ஏன் வாத்தியம் தூங்குதுன்னு தோணுற நாள்ல அத பாத்தா பாதி நேரம் பதில் அதுலயே இருக்கும்.

குறைன்னா இருக்கு, மறைக்கல. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவுல இருக்குற கம்பி தானா ஒலிச்சு, சாப் அடிச்சு நிறுத்தினதும் ஒரு மெல்லிசான ஊளை மிச்சம் நிக்குது, சின்ன ரப்பர் வளையத்த ஜோடிக்கு நடுவுல செருகினதும் அடங்கிடுச்சு, அனுப்புறப்பவே அத போட்டு அனுப்பிருக்கலாம். கம்பி முறுக்குற ட்யூனர் பல்லு புதுசுல ரொம்ப கெட்டியா இருந்துச்சு, அதுலயும் ஏ கம்பியோட ஒண்ணு நட்ல சிக்கி டிங்குன்னு குதிச்சு சுருதி தாண்டிடும், பென்சில் கரிய பள்ளத்துல தேச்சதும் பெரும்பாலும் சரியாச்சு, மிச்சம் செட்டப்ல போச்சு. ஈ கம்பில 15வது ஃப்ரெட்டுக்கு மேல குரல் இன்னமும் ஒல்லிதான், பெரும்பாலான மாண்டலின்ல அப்படித்தான்னாலும் இந்த அளவு வாத்தியத்துல இன்னும் கொஞ்சம் சதை எதிர்பாத்தேன். ஆர்டர் குடுத்துட்டு காத்திருந்த காலமும் சொன்னத விட நீண்டுச்சு.

இதெல்லாம் சொல்லியும் இத வேற எதுக்கும் மாத்த மாட்டேன். காரணம் டி கம்பியும் ஏ கம்பியும் சேர்ற அந்த நடு எடம். அங்க ஒரு டபுள் ஸ்டாப் புடிச்சு ட்ரெமொலோ விட்டா, உடம்போட ஒட்டிப் புடிச்சிருக்குற பின்பலகை நெஞ்சுல அதிரும், அந்த மேப்பிளோட அதிர்வு ஸ்வரத்துக்கு ஸ்வரம் வேற வேறயா இருக்கறது தெரியும். ஃபேக்டரி வாத்தியம் நல்லதே நெறைய வாசிச்சிருக்கேன், கத்துக்கறவங்களுக்கு அதுவே போதும், முதல் மாண்டலினா இத வாங்கச் சொல்லவே மாட்டேன், ஏன்னா இது குடுக்குற வித்தியாசம் பிக்க எந்த கோணத்துல புடிக்கிறோம், எவ்ளோ ஆழத்துல விடறோம்ங்கற நுணுக்கத்துல இருக்கு, அந்த கட்டுப்பாடு கைக்கு வந்தவங்களுக்குத்தான் அது பதில் சொல்லும். மெதுவா தொட்டா ஒரு குரல், கொஞ்சம் சாய்ச்சு தொட்டா இன்னொரு குரல், ஓங்கி அடிச்சா மூணாவது, மூணும் இதுக்குள்ள இருக்கு.

ஆர்டர் குடுக்கப் போறவங்க செய்றவர்கிட்ட முன்னாடியே பேசிக்க வேண்டியத சொல்லிடறேன். நட் அகலம் 1 1/8 இஞ்சா 1 3/16 இஞ்சான்னு கேட்டு முடிவு பண்ணுங்க, கேக்க ஒண்ணும் இல்லாத வித்தியாசம் மாதிரி இருக்கும், விரல் தடியா இருக்கறவங்களுக்கு அகலமானதுல ஜோடிகளுக்கு நடுவுல நிம்மதியா மூச்சு விடலாம். ஃபிங்கர்போர்டு தட்டையானதா, இல்ல லேசா வளைஞ்சதான்னு கேளுங்க, எனக்கு வளைஞ்சது கார்டு புடிக்க நல்லா இருக்கு. ஃப்ரெட் பழைய மாதிரி ஊசியா வேணுமா கொஞ்சம் அகலமா வேணுமா, ஜாரு வாசிக்கிறவங்க அகலம் கேளுங்க. நீங்க எந்த கம்பி செட் போடப் போறீங்கன்னு சொல்லுங்க, நட்டு பள்ளமும் பலகையும் அதுக்குத்தான் செதுக்கணும். முடிஞ்சா நீங்க வாசிக்கிறத நாலு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, கை எவ்ளோ பலமா விழுதுன்னு அவருக்கு அதுல தெரிஞ்சுடும், டாப்ப எவ்ளோ மெலிய விடணும்னு முடிவு பண்ண அது உதவும். அப்புறம் முதல் செட்டப் விலைக்குள்ளயே அடக்கமா, அத எப்ப கொண்டு வரணும்ங்கறத வாய்ல கேட்டுட்டு விடாம எழுத்துல வாங்கிக்கங்க.